யூரியாவின் தலையில் ஒரு கொலைப்பழி

“இரசாயனப் பசளை மண்ணிலுள்ள நுண்ணங்கிகளைக் கொன்றுவிட்டது. மண் செத்துவிட்டது.” தில்லையடியில் புறப்பட்டு, பாலாவிச் சந்தியில் திரும்பி, நுரைச்சோலை தாண்டிக் கற்பிட்டி முனைவரை போனாலும் இந்தப் பேச்சை மறுக்கிற ஒருவரைக் காண்பது அரிது. வெங்காயம் செய்கிறவர் சொல்கிறார். கூட்டெரு விற்கிறவர் சொல்கிறார். யூரியா மூடைகளுக்கு நடுவே கதிரை போட்டு உட்கார்ந்திருக்கும் கடைக்காரரும் அதையே சொல்லிக்கொண்டு அடுத்த மூடையைத் தூக்கிக் கொடுக்கிறார். எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒன்றை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. அதனாலேயே இது இவ்வளவு காலம் நிலைத்திருக்கிறது. நோயைப் பிழையாகச் சொன்னால் மருந்தும் பிழையாகத்தான் வரும். இங்கே வந்தும்விட்டது.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் முழுப் பலத்தோடு முதலில் வைத்துவிடுகிறேன். அமோனியாப் பசளைகள் ஆண்டுக்கணக்கில் விழுந்தால் மண் புளிக்கும், அதாவது அமிலமாகும். பொசுபேற்றை அளவுக்கு மீறிக் கொட்டினால் வேரோடு கூடி வாழும் பங்கசுகள் வேரை விட்டு விலகும். நைதரசன் மிகுந்தால் பயறு, கச்சான் வேர்களில் முடிச்சுகள் குறையும். கற்பிட்டிக் கிணறுகளில் நைத்திரேற்று ஏறியிருப்பதைப் பிரித்தானிய நிலவியல் ஆய்வகத்தார் 1980களிலேயே எழுதிவிட்டார்கள். வடமத்திய மாகாணத்துச் சிறுநீரக நோய் வேறு எல்லார் மனத்திலும் பயத்தை விதைத்திருக்கிறது. போதாததற்கு, அப்பாவின் காலத்தில் ஒரு மூடை போட்ட இடத்தில் இன்று இரண்டு போடவேண்டியிருக்கிறது என்ற தோட்டக்காரரின் அனுபவம். பசளை சம்பந்தமான குற்றச்சாட்டுகளில் எதையும் நான் மறைக்கவில்லை. இவற்றையெல்லாம் கூட்டி, “ஆகவே பசளை நுண்ணங்கிகளைக் கொல்லும் நஞ்சு, சேதனப் பசளை அவற்றை உயிர்ப்பிக்கும் அமிர்தம்” என்று எடுக்கிற முடிவைத்தான் மறுக்கிறேன்.

1. யூரியா நஞ்சென்றால் அதை முதலில் உண்கிறவர் யார்?

மண்ணில் விழுந்த யூரியாவின் பெரும்பகுதி பயிரின் வேருக்கு நேரே போவதில்லை. யூரியேசு என்ற நொதியம் அதை உடைத்து அமோனியமாக்குகிறது. அந்த நொதியத்தை மண்ணில் பெருமளவு உண்டாக்குவது நுண்ணங்கிகள். அமோனியத்தை நைத்திரைற்றாக்குவது ஒரு வகைப் பற்றீரியா. நைத்திரைற்றை நைத்திரேற்றாக்குவது இன்னொரு வகை. இந்த வேலைகளைச் செய்தே அவை தம் சக்தியைத் தேடிக்கொள்கின்றன. நுண்ணங்கிகள் செத்துப்போன மண்ணில் யூரியா போட்டால் பயிர் இந்த வேகத்தில் பச்சை பிடிக்காது. உங்கள் தோட்டத்தில் யூரியா இட்ட சில நாட்களில் இலை கறுத்துப் பச்சையாகிறதா? அப்படியானால் நீங்கள் இறந்துவிட்டதாகச் சொல்லும் கூட்டம் உயிரோடு வேலை செய்துகொண்டிருக்கிறது.

இன்னொன்று. மாட்டுச் சிறுநீரில் உள்ள நைதரசனின் பெரும்பகுதி யூரியாவாகவே இருக்கிறது. 1828இல் ஜேர்மனியின் வோலர் ஆய்வுகூடத்தில் செய்து காட்டிய யூரியாவுக்கும் மாட்டின் யூரியாவுக்கும் மூலக்கூறில் ஒரு அணுவும் வேறுபாடில்லை. கோமூத்திரத்தைக் கரைத்து ஊற்றும்போது உயிரூட்டுவதும், மூடையிலிருந்து இடும்போது உயிரெடுப்பதும் ஒரே பொருளாக இருக்க முடியாது. மாறுவது செறிவு. மூடை யூரியா குவியலாக விழுந்த இடத்தில் அமோனியாவும் உப்புச் செறிவும் ஏறி, அந்தச் சிறு வட்டத்தில் நுண்ணங்கிகள் சில வாரங்களுக்கு நலிவது உண்மை. பிறகு மீளும். செறிவைப் பற்றிப் பேசவேண்டிய இடத்தில் பொருளின் பிறப்பைப் பற்றிப் பேசுவதுதான் இந்த விவாதத்தின் மூலப் பிழை.

2. எண்ணிப் பார்த்தவர்கள் சொல்வது நேர் எதிரானது.

மண்ணின் நுண்ணங்கித் திணிவை அளக்க முறைகள் உண்டு. ஒரு போகத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. பத்து, இருபது, நூறு ஆண்டு பார்க்கவேண்டும். அப்படிப்பட்ட நெடுங்காலப் பரிசோதனைகள் 64ஐ உலகெங்குமிருந்து சேர்த்துக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கைஸலர், ஸ்கோ ஆகிய இருவர் 2014இல் ஒரு மீளாய்வு வெளியிட்டார்கள். எதுவுமே இடாத நிலத்தைவிட இரசாயனப் பசளை இட்ட நிலத்தில் நுண்ணங்கித் திணிவு சராசரியாக 15 சதவீதம் கூடியிருந்தது. 20 ஆண்டுக்கு மேல் நீண்ட பரிசோதனைகளில் இந்தக் கூடுதல் இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

காரணம் எளியது. நுண்ணங்கிகளில் மிகப் பெரும்பாலானவற்றின் உணவு காபன். பசளை பெற்ற பயிர் பெரிதாக வளர்கிறது, வேரும் தாளும் சருகும் கூடுதலாக மண்ணில் விழுகின்றன, உண்கிறவர்கள் பெருகுகிறார்கள்.

அதே ஆய்வில் ஒரு விலக்கும் இருந்தது, முக்கியமான விலக்கு. மண்ணின் பீஎச் பெறுமானம் 5க்குக் கீழே போன இடங்களில் பசளை நுண்ணங்கிகளைக் குறைத்தது. இதைக் கண்ணால் பார்க்க இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் நிலையத்துக்குப் போகலாம். அங்கே 1856இல் தொடங்கிய புல்நிலப் பரிசோதனை இன்றும் நடக்கிறது. சுண்ணாம்பு இல்லாமல் அமோனியம் சல்பேற்று மட்டும் தொடர்ந்து இட்ட பாத்திகளில் பீஎச் 4க்கும் கீழே இறங்கியது. மண்புழு போயிற்று. உதிர்ந்த புல் மக்காமல் மெத்தையாக மேலே படிந்தது. செத்த மண் என்று எதையாவது சொல்லலாமென்றால் இதைச் சொல்லலாம். ஆனால் அதே பசளையைச் சுண்ணாம்போடு பெற்ற பக்கத்துப் பாத்தியில் இந்த மெத்தை இல்லை. கொன்றது அமிலம். பசளை அமிலத்தைக் கொண்டுவந்தது. சுண்ணாம்பு அதைத் தடுத்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்காதவர்களுக்குக் கையிலிருக்கும் மருந்து கண்ணில் படாது.

தொழுவெரு இட்ட நிலம்? அது எல்லாவற்றையும் வென்றது. 1843 முதல் ஆண்டுதோறும் ஹெக்டேயருக்கு 35 தொன் எருப் பெறும் ரொதம்ஸ்ரெட்டின் கோதுமைப் பாத்தியில் சேதனப் பொருள் இரு மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. வரிசையைக் கவனியுங்கள்: கடைசியில் ஒன்றுமிடாத நிலம், அதற்கு மேலே இரசாயனப் பசளை நிலம், எல்லாவற்றுக்கும் மேலே எரு நிலம். ஊரார் நம்பும் வரிசையிலோ இரசாயன நிலம் கடைசிக்கும் கீழே, மயானத்தில் கிடக்கிறது. எரு நல்லது என்பதிலிருந்து பசளை நஞ்சு என்பது எந்தத் தர்க்கத்திலும் கிடைக்காது.

3. எந்த மண்ணைப் பற்றிப் பேசுகிறோம்?

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுத் தில்லையடியிலும் சுற்றுப்புறத்திலும் வந்து தங்கிய குடும்பங்களில் வயல் செய்தவர்கள் பலர். அவர்கள் அறிந்தது இட்டதைப் பிடித்து வைக்கும் கனத்த வயல்மண். பிழைப்புக்காகக் கூலிக்குப் போனதோ கற்பிட்டியின் வெங்காயத் தோட்டங்களுக்கு; அங்கே கால் புதைவது கடல் ஒதுக்கிய மணல். இந்த மணலில் களி இல்லை, சேதனப் பொருள் மிகக் குறைவு. இடும் எதையும் பிடித்து வைக்க அதற்குக் கையில்லை. சிப்பிச் சுண்ணாம்பு கலந்த இடங்களில் அமிலம் ஒரு பெரிய கவலையே இல்லை. அங்கே மேலாக வீசிய யூரியா அமோனியாவாகிக் காற்றில் போவதுதான் கவலை. வண்ணாத்திவில்லுப் பக்கத்துச் செம்மண்ணில் கதை வேறு. அங்கே பீஎச் சோதிக்காமல் அமோனியம் சல்பேற்றை இடுவது முட்டாள்தனம். ஒரே மாவட்டம், இரண்டு மண், இரண்டு நோய். “இரசாயனம் கொன்றது” என்ற ஒரே வாய்ப்பாடு இரண்டுக்கும் பொருந்தாது.

மணலில் எருவைக் கொட்டினால் ஒரே போகத்தில் காணாமல் போகிறது என்று குறைப்படுகிறவர்களும், நுண்ணங்கி செத்துவிட்டது என்கிறவர்களும் ஒரே ஆட்கள். அந்த எருவைத் தின்று தீர்த்தது யார் என்று அவர்கள் தம்மைத்தாமே கேட்டுக்கொள்வதில்லை. சூடும் ஈரமும் காற்றோட்டமும் சேர்ந்த மணலில் நுண்ணங்கிகள் அசுர வேகத்தில் வேலை செய்கின்றன. பட்டினி கிடக்கின்றன, அவ்வளவுதான். பட்டினிக்குத் தேவை காபன். அந்தக் காபன் எங்கே போகிறது? தென்னை முக்கோணத்தின் ஒரு மூலை நாம். ஓலையை எரிக்கிறோம். பொச்சைத் தும்பு ஆலைக்குக் கொடுக்கிறோம்; தும்புத்தூள் அழுத்திய கட்டிகளாகக் கொள்கலனேறி வெளிநாட்டுப் பசுமைக்குடில்களுக்குப் போகிறது. அங்கே அதில் தக்காளி காய்க்கிறது, அதுவும் கரைத்துவிட்ட இரசாயனப் பசளையில்.

4. நைத்திரேற்று தன் பிறப்பிடத்தைச் சொல்வதில்லை.

இதுதான் என் பிரதான மறுப்பு. இந்தக் கரையில் உயிரோடு விளையாடும் விடயமும் இதுவே. எதிர்மின்னேற்றம் கொண்ட நைத்திரேற்றை மணல் பிடித்து வைக்காது. மழையோ இறைப்போ வந்ததும் அது கீழே இறங்கும். கற்பிட்டியில் கீழே இருப்பது உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கும் நன்னீர். குடிப்பதும் அதிலிருந்து, இறைப்பதும் அதிலிருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அதற்கு மேலே போன நீரில் பால்மா கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். உடம்பு நீலம் பாரிக்கும்.

இதற்குச் சேதனக் கட்சியின் தீர்வு என்ன? யூரியாவைக் கைவிட்டுக் கோழி எருவுக்கு மாறுவது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். கோழி எருவில் நைதரசன் 2 சதவீதம் என்று குறைத்தே வைத்தாலும், ஏக்கருக்கு 5 தொன் கொட்டினால் 100 கிலோ நைதரசன். 50 கிலோ யூரியா மூடையில் 23 கிலோ. ஆக நான்கு மூடைக்கும் மேற்பட்ட யூரியாவை “இயற்கை” என்ற பெயரில் கொட்டியாயிற்று. யூரியா என்றால் மூடைக் கணக்கு வைக்கிற அதே தோட்டக்காரர், எரு என்றால் லொறிக் கணக்கில் நிற்கிறார். நுண்ணங்கிகள் அந்த எருவையும் உடைத்து நைத்திரேற்றாகத்தான் ஆக்கும். அவை அதை ஆக்குவது பயிரின் வசதிக்காக அல்ல. அறுவடை முடிந்து வெறும் மணலாகக் கிடக்கும் மாதத்திலும், வடகீழ்ப் பருவமழை கொட்டும் நாளிலும் ஆக்கிக்கொண்டே இருக்கும். அந்த வேளையில் உறிஞ்சிக்கொள்ள வேர் இல்லை. யூரியாவைப் பயிருக்குப் பசிக்கும்போது சிறுகச் சிறுக இடலாம். மண்ணில் கலந்த எருவை நிறுத்திவைக்க எந்தக் குழாயும் கிடையாது.

இன்னொரு கணக்கையும் கேளுங்கள். உங்கள் கிணற்று நீர் சரியாக அந்த 50 மில்லிகிராம் எல்லையில் நிற்கிறது என்று கொள்வோம். அதில் நைதரசன் லீற்றருக்கு 11 மில்லிகிராமுக்குச் சற்று மேல். ஒரு வெங்காயப் போகத்துக்கு 500 மில்லிமீற்றர் நீர் தெளித்தால் ஏக்கருக்குச் சுமார் 20 இலட்சம் லீற்றர். நைதரசன் 23 கிலோ. அதாவது நீங்கள் எதையும் வாங்காமலே, கிணறு உங்களுக்கு ஒரு மூடை யூரியா இறைத்துத் தந்திருக்கிறது. அதைக் கழித்துவிட்டுப் பசளை இடுகிற ஒருவரை நான் இந்தக் கரையில் கண்டதில்லை. இரசாயனமா சேதனமா என்று சண்டை பிடிக்கத் தெரிந்த நமக்கு, ஏற்கெனவே எவ்வளவு இருக்கிறது என்று கேட்கத் தெரியவில்லை.

5. சேதனமும் பயிரைப் பட்டினி போடும்.

பச்சைத் தும்புத்தூளில் ஒரு பங்கு நைதரசனுக்கு நூறு பங்குக்கு மேல் காபன். அதை அப்படியே மண்ணில் கலந்தால் நுண்ணங்கிகள் பெருகும். பெருகுவதற்குத் தேவையான நைதரசனை மண்ணிலிருந்தே பறித்துத் தம் உடம்பில் பூட்டிக்கொள்ளும். பயிர் மஞ்சளிக்கும். நுண்ணங்கி பெருகுவதும் பயிர் செழிப்பதும் ஒன்றேதான் என்று நினைப்பவர்கள் இந்த மஞ்சளைப் பார்க்கவேண்டும். இதற்குக் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஒரு வழி சொல்லிக்கொடுத்து நெடுநாளாயிற்று: தும்புத்தூளைச் சிப்பிக்காளான் பங்கசு கொண்டு மக்கவைப்பது. அந்தச் செய்முறையில் ஒரு தொன் தூளுக்கு 5 கிலோ யூரியா சேர்க்கச் சொல்கிறார்கள். எதற்கு? பங்கசுக்கு உணவாக. நுண்ணங்கியைக் கொல்லும் என்று நாம் திட்டுகிற அதே யூரியாவைக் கொடுத்து நுண்ணங்கியை வளர்த்து, சேதனப் பசளை செய்கிறார்கள்.

6. போத்தலில் வரும் உயிர்.

“செத்த மண்ணை உயிர்ப்பிக்க” என்று நுண்ணங்கிக் கரைசல் விற்கிறார்கள். ஒரு ஏக்கரின் மேல் 15 சென்ரிமீற்றர் மண் ஏறத்தாழ 900 தொன். மெலிந்த மணலில் கிராமுக்கு 10 கோடி பற்றீரியா என்று வைத்தால் மொத்தம் 90,000 இலட்சம் கோடி. போத்தலில் மில்லிலீற்றருக்கு 100 கோடி இருப்பதாக விற்பவரின் வாயையே நம்பினாலும், ஒரு லீற்றரில் ஒரு இலட்சம் கோடி. ஏற்கெனவே இருக்கும் 90,000க்கு வந்து சேரும் விருந்தாளி ஒருவர். உலையில் அரிசியில்லாத வீட்டுக்கு. அவர் எத்தனை நாள் தங்குவார்? குறித்த பயிருக்குக் குறித்த றைசோபியம் தேவைப்படும் இடம் இதற்கு விலக்கு. சோயா முன்பு விளையாத நிலத்தில் விதையோடு அந்தப் பற்றீரியாவைச் சேர்ப்பது பலன் தருகிறது. அது பரிசோதித்து நிறுவிய விடயம். “எல்லாப் பயிருக்கும் எல்லா மண்ணுக்கும்” என்ற விளம்பரத்துக்கு அந்த நிரூபணம் கிடையாது.

7. இந்த நம்பிக்கைக்கு நாடு கொடுத்த விலை.

2019 தேர்தல் விஞ்ஞாபனத்தில் கோட்டாபய ராஜபக்ஷ பத்து ஆண்டுகளில் சேதன விவசாயம் என்றார். 2021 மே 6ஆம் திகதி வர்த்தமானியில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே அடியாகத் தடைசெய்யப்பட்டது. டொலர் தட்டுப்பாடும் அதற்கு ஒரு காரணம் என்பதை அறிவேன். ஆனால் மேடையில் சொன்ன நியாயம் மண்ணும் உடல்நலமும். நஞ்சை நிறுத்தினால் மண் தானே உயிர்த்தெழுந்து ஊட்டும் என்ற நம்பிக்கை இல்லாமல் அந்த நியாயத்தை யாரும் கைதட்டி வரவேற்றிருக்க மாட்டார்கள்.

நெல்லுக்கு ஹெக்டேயருக்குச் சுமார் 100 கிலோ நைதரசன் வேண்டும். ஒன்றரைச் சதவீதம் நைதரசனுள்ள உலர்ந்த கூட்டெரு என்றால் அது ஏறத்தாழ 7 தொன், அத்தனையும் அந்தப் போகத்திலேயே கிடைத்தால். கிடைப்பதில்லை; முதல் போகத்தில் சிறு பகுதியே வெளிவரும். நாட்டில் அவ்வளவு கூட்டெரு இல்லை. சீனாவின் சிங்தாவ் சீவின் நிறுவனத்திடமிருந்து 99,000 தொன் சேதனப் பசளைக்கு ஒப்பந்தம் போனது. மாதிரியில் தீங்கு செய்யும் பற்றீரியாக்கள் இருப்பதாகத் தாவரத் தொற்றுத்தடுப்பு அதிகாரிகள் சொன்னார்கள், நிறுவனம் மறுத்தது, 20,000 தொன்னோடு வந்த ஹிப்போ ஸ்பிரிட் கப்பல் இறக்க அனுமதியில்லாமல் கடலில் அலைந்தது. ஒரு மூடையும் இறங்காத அந்தச் சரக்குக்கு 2022 ஜனவரியில் 69 இலட்சம் டொலர் கொடுத்தோம். நுண்ணங்கிகளைக் காப்பாற்றப் புறப்பட்ட கொள்கை, கடைசியில் நுண்ணங்கி வழக்கில் பணம் கட்டியது.

தடை 2021 நவம்பர் இறுதியில் நீங்கியது. பெரும்போகத்துக்கு அது பிந்திவிட்டது. 2021/22 பெரும்போக நெல் விளைச்சல் அதற்கு முந்தைய பெரும்போகத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் விழுந்தது. அந்த ஆறு மாதத்தில் எந்த வயலின் நுண்ணங்கிகளும் புத்துயிர் பெற்று நெல்லுக்கு ஊட்டவில்லை. ஊட்டியிருக்கவும் முடியாது. மண்ணில் காபன் சேர்வது பத்தாண்டுக் கணக்கு. ரொதம்ஸ்ரெட்டுக்கு நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது.

அந்தத் தோல்வியிலிருந்து இரு தரப்பும் பிழையான பாடத்தையே எடுத்திருக்கின்றன. ஒரு தரப்பு, தடையை ஒழுங்காகச் செய்திருந்தால் வென்றிருக்கும் என்கிறது. மறு தரப்பு, கூட்டெருவே ஒரு மூடத்தனம் என்று சிரித்துக்கொண்டு முன்னைவிட அதிகமாக யூரியா வீசுகிறது. பொசுபேற்றை மிகையாக இட்டு வேர்ப் பங்கசுகளை விரட்டுவதும், பூச்சிகொல்லியையும் செப்புக் கலவையையும் நாட்காட்டி பார்த்து அடிப்பதும் பழையபடியே நடக்கின்றன. நுண்ணங்கிகளுக்கு உண்மையில் கேடு செய்யும் பட்டியலில் செம்பு யூரியாவுக்கு வெகு முன்னே நிற்கிறது. உடைந்து போகாமல் மண்ணிலேயே தங்கும் உலோகம் அது. அதைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் பேச்சில்லை. பழி சுமக்க யூரியா இருக்கும்போது மற்றவர்களுக்கு என்ன கவலை?

கற்பிட்டி வீதித் தோட்டக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த நடுகைக்கு முன் கிணற்று நீரில் ஒரு போத்தல் எடுத்து நைத்திரேற்றுக்கும், ஒரு பிடி மண் எடுத்து பீஎச்சுக்கும் சோதிக்கக் கொடுங்கள். கமநல சேவை நிலையத்திலோ விவசாயப் போதனாசிரியரிடமோ அதைக் கேட்பது உங்கள் உரிமை. தென்னந்தோட்டம் வைத்திருப்பவர் ஓலையை எரிக்காமல் மண்ணுக்கே கொடுக்கட்டும். வேலியில் சீமைக்கிளுவை நடட்டும். லுணுவில தென்னை ஆராய்ச்சி நிலையம் அதைத்தான் சொல்லிவருகிறது. கிணற்று நீர் 50ஐத் தாண்டியிருந்தால் யூரியாவைக் குறையுங்கள். கோழி எருவையும் குறையுங்கள். அந்த நீரைக் கைக்குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது, இன்னும் செறியும்.